மோட்டார்ஹோமுக்கு எந்தச் சேசிஸ்? டுகாட்டோ, ஸ்பிரிண்டர், ட்ரான்சிட், கிராஃப்டர்: ஓர் ஒப்பீடு

மோட்டார்ஹோம் வாங்கப் போகிறவர்கள் காட்சிக்கூடத்தில் முதலில் பார்ப்பது படுக்கையை, அடுத்து சமையல் மேடையை, பிறகு குளியலறையை. முன்பக்கத்தில் பொறித்திருக்கும் வண்டிச் சின்னத்தைப் பற்றிய பேச்சு, விலை பேசும் கட்டத்தில்தான் வருகிறது; அதுவும் “பென்ஸ் என்றால் இன்னும் சில ஆயிரம் யூரோ கூடும்” என்ற ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. ஆனால் ஐரோப்பாவில் விற்பனையாகும் மோட்டார்ஹோம்களில் பெரும்பாலானவை, கரூரில் பேருந்துக்கும் நாமக்கல்லில் லாரிக்கும் பாடி கட்டுவதைப் போல, ஒரு நிறுவனம் செய்த சேசிஸின் மேல் இன்னொரு நிறுவனம் கட்டிய வீடுகள்தாம். ஹைமர், க்னாவுஸ், அட்ரியா, கார்டாகோ போன்றவை வீட்டைக் கட்டுகின்றன. எஞ்சினும் கியரும் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் ஃபியட்டோ ஃபோர்டோ மெர்சிடிஸோ கொடுத்தவை. உத்தரவாதமும் இரண்டாகவே இருக்கும்: சேசிஸுக்கு ஒன்று, வீட்டுப் பகுதிக்கு இன்னொன்று. இரண்டுக்கும் போக வேண்டிய பணிமனைகளும் பல நேரங்களில் வேறு வேறு.

நான் ஜெர்மனியில் வசிப்பவன். வாடகைக்கு எடுத்த வண்டிகளிலும் நண்பர்களின் வண்டிகளிலுமாக இந்தச் சேசிஸ்களை ஓட்டிப் பார்த்த பிறகு, சொந்தமாக வாங்க எண்ணும் தமிழ்க் குடும்பங்களை மனத்தில் வைத்து இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: எந்தச் சின்னம் என்பது மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி எடை. இரண்டாவது கேள்வி உள்ளமைப்பு. இவ்விரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால், பெரும்பாலானவர்களுக்குச் சின்னம் தானாகவே முடிவாகிவிடும்.

எடையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் விற்பனையாளர்கள் விரைந்து கடந்துபோகும் இடம் அதுதான். சாதாரண பி வகை ஓட்டுநர் உரிமம் 3.5 டன் வரையே செல்லும். ஏழு மீட்டர் நீளமுள்ள, நான்கு பேர் பயணிக்கக்கூடிய ஒரு வண்டியின் “ஓடுநிலை எடை” 2950 கிலோ என்று விளம்பரத் தாளில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இதில் ஓட்டுநருக்கான 75 கிலோ, 90 விழுக்காடு டீசல், ஓரளவு தண்ணீர் ஆகியவை அடங்கும். மீதம் 550 கிலோ இருக்கிறதே என்று தோன்றும். மற்ற மூவருக்கு 225 கிலோ போக மீதம் 325. ஆனால் சட்டம் அந்த 2950 கிலோவில் ஐந்து விழுக்காடு கூடவோ குறையவோ இருப்பதை அனுமதிக்கிறது. அதாவது ஏறத்தாழ 147 கிலோ கூடுதலாக இருந்தாலும் அது குறையுள்ள வண்டி ஆகாது. அதையும் கழித்தால் 178. தண்ணீர்த் தொட்டி 120 லிட்டர் கொள்ளும் என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் எடைக் கணக்கில் 20 லிட்டர் மட்டுமே சேர்த்திருப்பார்கள். தொட்டியை நிரப்பினால் இன்னும் 100 கிலோ போகும். எஞ்சிய 78 கிலோவில்தான் நால்வரின் உடைகள், பாத்திரங்கள், மடக்கு நாற்காலிகள், சைக்கிள்கள், வெயில் மறைப்பு எல்லாம் அடங்க வேண்டும். ஜெர்மனியின் ஹாம் நகரக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கோ கெவலார் மாதா திருத்தலத்துக்கோ போகும்போது நம்மவர்கள் ஏற்றும் அரிசியும் பெரிய சட்டிகளும் குளிர்பெட்டிகளும் இந்தக் கணக்குக்குள் வராதவை.

ஆகவே, சேசிஸ் தனியாக எத்தனை கிலோ என்பதே முதல் தகுதி ஆகிறது. இங்கே உரிமத்தின் வயதும் முக்கியம். ஜெர்மனியில் 1999-க்கு முன்பு மூன்றாம் வகை உரிமம் பெற்றவர்களும், பிரிட்டனில் 1997-க்கு முன்பு கார் தேர்வில் தேறியவர்களும் 7.5 டன் வரை ஓட்டலாம். எண்பதுகளில் வந்து இங்கே தேர்வு எழுதிய தந்தைக்கு இருக்கும் இந்த உரிமை, இங்கேயே பிறந்து வளர்ந்த மகளுக்கு இல்லை. வண்டியை இருவரும் மாறி மாறி ஓட்டுவதாக இருந்தால் மகளின் உரிமத்தை வைத்தே முடிவெடுக்க வேண்டும். 2025 அக்டோபரில் ஏற்கப்பட்ட ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய உரிம நெறிமுறை, கூடுதல் பயிற்சியோ தேர்வோ முடித்த பி வகை உரிமதாரர்கள் 4.25 டன் வரையிலான மோட்டார்ஹோமை ஓட்ட வழி திறக்கிறது. ஒவ்வொரு நாடும் அதைத் தன் சட்டத்தில் சேர்க்க வேண்டியிருப்பதால், அதை நம்பி இன்றே கனமான வண்டிக்கு ஒப்பந்தம் போடுவது அவசரம். மேலும், 3.5 டன்னைத் தாண்டினால் ஜெர்மன் நெடுஞ்சாலையில் வேக வரம்பு மணிக்கு 100 கிலோமீட்டர். லாரிகள் முந்தக்கூடாது என்ற பலகை நமக்கும் பொருந்தும். ஆஸ்திரியாவில் முன்கண்ணாடியில் ஒட்டும் சுங்கச் சீட்டுக்குப் பதிலாகத் தொலைவுக்கேற்பச் சுங்கம் கணக்கிடும் கருவியைப் பொருத்த வேண்டும்; சுவிட்சர்லாந்தில் கனரக வண்டிக்கான தனி வரி உண்டு.

இந்தப் பின்னணியில்தான் ஃபியட் டுகாட்டோவின் செல்வாக்கைப் புரிந்துகொள்ள முடியும். 1981-இல் அறிமுகமாகி, இத்தாலியின் வால் தி சங்க்ரோ ஆலையில் உருவாகிவரும் இந்த வண்டி, பல ஆண்டுகளாக ஐரோப்பிய மோட்டார்ஹோம்களின் பெரும்பான்மைக்கு அடித்தளமாக இருந்துவருகிறது. மலிவு மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்வது சரியன்று. முன்சக்கர இயக்கம் என்பதால் பின்பக்கம் செல்லும் உந்துதண்டு இல்லை. அதனால் தரையைத் தாழ்வாக அமைக்க முடிகிறது, வண்டியின் மொத்த உயரமும் எடையும் குறைகின்றன. 2006-இல் வந்த தலைமுறையிலிருந்து ஃபியட் மோட்டார்ஹோமுக்கென்றே தாழ்ந்த சட்டகத்தையும், பின்சக்கரங்களுக்கிடையே 1980 மில்லிமீட்டர் அகலம் கொண்ட அச்சையும் தருகிறது. சரக்கு வண்டிக்கு இந்த அகலம் வேண்டியதில்லை. மூன்று மீட்டர் உயர வீட்டைச் சுமந்துகொண்டு வளைவில் திரும்பும் வண்டிக்கு இது பெரிய வேறுபாடு. முன்னிருக்கைகளைத் திருப்பி அறையோடு சேர்க்கும் ஏற்பாடும் ஆலையிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

சரக்கு வேனையே உள்ளே வீடாக மாற்றிக்கொள்ளும் வகையில் டுகாட்டோவின் மேன்மை இன்னும் வெளிப்படை. அதன் பக்கச் சுவர்கள் ஏறக்குறைய நேராக நிற்கின்றன. உள் அகலம் 1870 மில்லிமீட்டர். ஸ்பிரிண்டரில் அது 1787, ட்ரான்சிட்டில் 1784, கிராஃப்டரில் 1832. எட்டு சென்டிமீட்டர் பெரிய விஷயமா என்று கேட்கலாம். படுக்கையைக் குறுக்காகப் போட முடியுமா முடியாதா என்பதை இந்த எட்டு சென்டிமீட்டரே தீர்மானிக்கிறது. குறுக்குப் படுக்கை அமைந்தால் ஆறு மீட்டர் வண்டியில் உட்காரும் இடமும் சமையலிடமும் தாராளமாகக் கிடைக்கும். நெடுக்காகப் போட வேண்டியிருந்தால் அதே வசதிக்கு வண்டி இன்னும் நீள வேண்டும். ஃபோக்ஸ்வாகனே தன் ஆறு மீட்டர் கிராண்ட் கலிஃபோர்னியாவில் குறுக்குப் படுக்கைக்காகப் பக்கச் சுவரில் புடைப்புகள் வைக்க வேண்டியிருந்தது. படுக்கையைக் குறுக்காகப் போடுவதே உங்கள் விருப்பம் என்றால், இந்த ஒப்பீட்டில் மீதமுள்ள பகுதியைப் படிக்காமலே டுகாட்டோவை வாங்கலாம்.

குறைகளும் உண்டு. ஓட்டுநர் இருக்கையில் அமரும் நிலை காரைவிடச் சரக்கு வண்டிக்கே நெருக்கமானது. நெடுந்தொலைவில் காலும் முதுகும் அதை உணரும். 2006 முதல் சில ஆண்டுகள் வந்த வண்டிகளில், மேட்டில் பின்னோக்கி எடுக்கும்போது கிளட்ச் அதிர்வது பரவலாகப் பேசப்பட்ட குறை. கண்ணாடிக்குக் கீழேயுள்ள தட்டிலிருந்து மழைநீர் எஞ்சின் மீது கசிவதும் அந்தக் காலத்து வண்டிகளில் சோதித்துப் பார்க்க வேண்டிய ஒன்று. ஆட்டோமேட்டிக் விரும்புவோர் 2019-க்கு முந்தைய வண்டிகளைத் தவிர்ப்பது நல்லது. அதுவரை வந்தது சாதாரண கியர்பெட்டியை இயந்திரக் கையால் மாற்றும் ஏற்பாடு. ஒவ்வொரு மாற்றத்திலும் வண்டி ஒரு கணம் தயங்கும். 2019-இல் வந்த ஒன்பது கியர் ஆட்டோமேட்டிக் முற்றிலும் வேறு தரம். 2021-இல் 2.3 லிட்டர் எஞ்சினின் இடத்தில் 2.2 லிட்டர் எஞ்சின் வந்தது. மின் ஸ்டீயரிங்கும் அதனுடன் வந்ததால் பாதையில் தானாக நிலைநிறுத்தும் உதவி போன்றவை சாத்தியமாயின. பழைய வண்டி தேடுவோருக்கு 2019–2021 இடைவெளியில் வந்த, 2.3 லிட்டரும் ஒன்பது கியரும் கொண்ட டுகாட்டோவையே நான் முதலில் பரிந்துரைப்பேன்.

சிட்ரோயன் ஜம்பர், பூஜோ பாக்ஸர், 2021 முதல் ஓப்பல் மொவானோ ஆகியவை டுகாட்டோவின் உடன்பிறப்புகள். அதே உடல், அதே அகலம். எஞ்சினும் கியரும் நெடுங்காலம் வேறாக இருந்தன. ஆட்டோமேட்டிக் ஃபியட்டில் மட்டுமே கிடைத்தது. கையால் கியர் மாற்றுவதில் தயக்கமில்லாதவர்கள் சிட்ரோயன் சின்னத்துக்காக முகம் சுளிக்க வேண்டியதில்லை. அதே வீடு குறைந்த விலையில் கிடைக்கும்.

டுகாட்டோவைப் பற்றிப் பேசும்போது அல்-கோ சட்டகத்தையும் சேர்த்துப் பேச வேண்டும். இந்த ஏற்பாட்டில் ஃபியட் ஆலையிலிருந்து எஞ்சினும் முன்சக்கரங்களும் ஓட்டுநர் அறையும் கொண்ட தலைப்பகுதி மட்டுமே வருகிறது. அதன் பின்னால் அல்-கோ நிறுவனத்தின் துத்தநாகம் பூசிய தாழ்ந்த சட்டகத்தைத் திருகாணிகளால் பிணைக்கிறார்கள். பின்சக்கரங்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே அசைகின்றன. பட்டைவில் கொண்ட சாதாரண பின்னச்சு, பாலத்து இணைப்புகளில் வீட்டையே குலுக்கி அலமாரிக் கோப்பைகளைப் பேச வைக்கும். அல்-கோவில் அந்தக் குலுக்கல் குறைவு. தாழ்ந்த சட்டகத்தின் மேல் இரட்டைத் தரை அமைத்து, தண்ணீர்த் தொட்டிகளைச் சூடான பகுதிக்குள் வைக்க முடிவது குளிர்காலப் பயணிகளுக்குப் பெரும் வசதி. ஆனால் விலை உயர்கிறது. மசகிடும் இடங்கள் இருக்கின்றனவா, அவற்றை யார் கவனிப்பது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் ஃபியட் பணிமனை அதைத் தன் பொறுப்பாக எண்ணுவதில்லை.

மெர்சிடிஸ் ஸ்பிரிண்டரை ஓட்டிவிட்டு இறங்குபவர் டுகாட்டோவைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வது கடினம். ஒன்பது கியர் ஆட்டோமேட்டிக்கின் மென்மையும், நீண்ட ஏற்றத்தில் எஞ்சின் ஓசை எழாமல் இழுப்பதும், பக்கக்காற்றில் வண்டி தன்னைத் திருத்திக்கொள்ளும் விதமும் இந்த வகையில் மிகச் சிறந்தவை. கோட்டார்ட் ஏற்றத்திலோ பிரென்னர் கணவாயிலோ முழுச் சுமையுடன் போகிறவர் கொடுத்த பணத்தின் மதிப்பை அங்கே உணர்வார். 2021 முதல் வரும் இரண்டு லிட்டர் எஞ்சினின் உச்ச வடிவம் 190 குதிரைத்திறன் தருகிறது. பழைய மூன்று லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினை நினைத்து ஏங்குவோர் இருக்கிறார்கள், அந்த ஏக்கத்தில் நியாயமும் இருக்கிறது.

ஆனாலும் பின்சக்கர இயக்கம் கொண்ட ஸ்பிரிண்டர் கூடுதல் எடையையும் உயர்ந்த தரையையும் தன்னோடு கொண்டுவருகிறது. மேலே போட்ட கணக்கில் எஞ்சிய 78 கிலோவை மறுபடி நினைத்துப் பாருங்கள். 3.5 டன் வரம்புக்குள் நான்கு பேருக்கான ஏழு மீட்டர் வீட்டை ஸ்பிரிண்டர் மேல் கட்டினால், அது பல வேளைகளில் இருவர் மட்டுமே சட்டப்படி பயணிக்கக்கூடிய நான்கு இருக்கை வண்டியாகிவிடுகிறது. மெர்சிடிஸுக்கும் இது தெரிந்ததே. 2018-இல் வந்த மூன்றாம் தலைமுறையில் முதன்முறையாக முன்சக்கர இயக்கத்தையும் சேர்த்தார்கள். ஹைமர் அதற்குத் தனியான இலகுச் சட்டகமும் செய்தது. இந்த வகை நல்ல சமரசம்தான், ஆனால் விலை டுகாட்டோவை வெகுவாகத் தாண்டிச் செல்கிறது. 4 டன்னுக்கு மேல் ஓட்ட உரிமம் இருக்கிறது, மலைநாடுகளே விருப்பம், பணமும் இருக்கிறது என்பவர்களுக்கு ஸ்பிரிண்டரைத் தவிர வேறொன்றை நான் சொல்ல மாட்டேன்.

எந்தச் சக்கரம் இழுக்கிறது என்ற கேள்வியை வேறொரு கோணத்திலும் பார்க்க வேண்டும். இப்போது பிரபலமான உள்ளமைப்பில் பின்னால் இரட்டைப் படுக்கையும் அதற்குக் கீழே பெரிய சாமான் அறையும் இருக்கின்றன. அச்சுகளுக்கிடையே நான்கு மீட்டரும், பின்னச்சுக்கு அப்பால் சாமான் அறையின் நடுவரை இரண்டு மீட்டரும் உள்ள வண்டியில், அந்த அறையில் 100 கிலோ வைத்தால் பின்னச்சில் 150 கிலோ ஏறுகிறது. முன்னச்சிலிருந்து 50 கிலோ தூக்கப்படுகிறது. முன்சக்கர இயக்க வண்டிக்கு இழுவை தரும் சக்கரமே இவ்வாறு இலகுவாகிவிடுவதால், மழையில் நனைந்த புல்தரையில் நிறுத்திய வண்டி காலையில் சுழன்று குழி பறிப்பதைக் காண்கிறோம். கனமான மின்சைக்கிள்களைப் பின்னால் வைப்பவர்களும், பனிச்சறுக்குப் போகிறவர்களும் பின்சக்கர அல்லது நான்கு சக்கர இயக்கத்தை ஆராய்வதில் பொருள் உண்டு. கோடையில் தார்ச்சாலையும் கற்பரப்பிய முகாமிடமும் மட்டுமே பார்க்கும் வண்டிக்கு அது வீண் செலவு.

ஃபோர்டு ட்ரான்சிட் இந்தச் சந்தையில் நெடுநாள் ஓரமாக இருந்தது. 2021, 2022 ஆண்டுகளில் உதிரிபாகத் தட்டுப்பாட்டால் ஃபியட் சேசிஸ் வரத்து சுருங்கியபோது, வீடு கட்டும் நிறுவனங்கள் பல ஃபோர்டிடம் திரும்பின. அப்படி வந்தது தங்கிவிட்டது. துருக்கியில் உருவாகும் இந்த வண்டியை ஓட்டும் அனுபவம், என் கருத்தில், டுகாட்டோவைவிட ஒரு படி மேல்: ஸ்டீயரிங் துல்லியமானது, இருக்கை நிலை காருக்கு நெருக்கமானது. விலையும் பெரும்பாலும் குறைவு. ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். 2016-இல் அறிமுகமான இரண்டு லிட்டர் ஈகோபுளூ எஞ்சினில் டைமிங் பெல்ட் (வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் பட்டை) எண்ணெயில் நனைந்தபடி ஓடும் வகையில் அமைக்கப்பட்டது. எண்ணெய் மாற்றம் தள்ளிப்போனாலோ தவறான எண்ணெய் ஊற்றினாலோ பெல்ட் சிதைந்து, அதன் துகள் எண்ணெய் உறிஞ்சும் குழாயை அடைக்கக்கூடும். மோட்டார்ஹோம் ஆண்டில் பெரும்பகுதி நின்றுகொண்டே இருப்பதால், உரிமையாளர்கள் கிலோமீட்டரைப் பார்த்து ‘இன்னும் நேரமிருக்கிறது’ என்று விட்டுவிடுகிறார்கள். பழைய ட்ரான்சிட் வாங்கும்போது எண்ணெய் மாற்றிய பதிவேடு முழுமையாக இல்லையென்றால், பெல்ட் மாற்றும் செலவை விலையிலிருந்து கழித்துக் கேட்பதே முறை.

ஃபோக்ஸ்வாகன் கிராஃப்டரும் அதன் இரட்டையான மான் டிஜிஇயும் போலந்தின் வ்ஷெஷ்னியா ஆலையில் உருவாகின்றன. ஓட்டுநருக்கான உதவிகளில் டுகாட்டோவுக்கு முன்னோடி இவை. மின் ஸ்டீயரிங் 2017 முதலே இருந்ததால், பக்கக்காற்றிலும் பாதை பிடிப்பதிலும் களைப்பு குறைவு. முன், பின், நான்கு சக்கரம் என்று எந்த இயக்கத்தோடும் எட்டு கியர் ஆட்டோமேட்டிக் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால், இந்தச் சேசிஸில் கட்டிய வீடுகள் குறைவு. உள்ளமைப்பில் தேர்வு சுருங்கிவிடுகிறது. விரும்பிய உள்ளமைப்பு கிடைத்தால், ஃபோக்ஸ்வாகனைவிட மான் சின்னத்தையே நான் எடுப்பேன். காரணம் எளிது: மான் லாரி நிறுவனம், அதன் பணிமனைக் கதவுகள் உயரமானவை, தூக்கிகள் வலுவானவை, வேலை நேரமும் வணிக வண்டிகளுக்கு ஏற்றது.

இவெகோ டெய்லி வேறு உலகம். லாரியைப் போன்ற சட்டகம், பின்சக்கர இயக்கம், 7.2 டன் வரை தாங்கும் திறன். மோரெலோ, கான்கார்ட் போன்ற பெரு வீடுகள் இதன்மேல் நிற்கின்றன. பழைய உரிமமும் நிறுத்த இடமும் உள்ளவர்களுக்கு மட்டும். ரெனோ மாஸ்டர் 2024-இல் புதிதாக வந்திருக்கிறது. அதன்மேல் கட்டிய வீடுகள் சாலையில் சில ஆண்டுகள் ஓடட்டும்.

பணிமனை விஷயத்தை மான் சேசிஸோடு மட்டும் முடித்துவிடக் கூடாது. எங்கள் ஊரில் ஒரு கார் டீலர் தான் விற்கும் அதே சின்னமுள்ள மோட்டார்ஹோமை உள்ளே எடுக்க மறுத்துவிட்டார். மூன்று மீட்டர் உயரமும் மூன்றரை டன் எடையும் அவருடைய தூக்கிக்கு மிகை. வாங்குவதற்கு முன்பே, நீங்கள் வசிக்கும் இடத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் உங்கள் அளவு வண்டியை ஏற்கும் பணிமனை எது என்று தொலைபேசியில் உயரம், நீளம், எடை மூன்றையும் சொல்லிக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். போர்ச்சுகலின் சிற்றூரிலோ குரோஷியக் கடற்கரையிலோ வண்டி நின்றுபோனால், அங்கே உதிரிபாகம் கிடைக்க வாய்ப்பு அதிகமுள்ளது டுகாட்டோ குடும்பத்துக்குத்தான். அந்த ஊரின் காய்கறி வண்டியும் அதே சேசிஸாக இருக்கும்.

இரண்டு பிள்ளைகளுள்ள, பி வகை உரிமம் மட்டுமே கொண்ட குடும்பத்துக்கு என் தேர்வு டுகாட்டோவோ அதன் உடன்பிறப்போதான். ஓட்டும் இன்பத்துக்கு முதலிடம் தருபவர்களுக்கு முன்சக்கர ட்ரான்சிட். டுகாட்டோவில் ஒரு தேர்வைக் கவனமாகச் செய்ய வேண்டும். இலகு சேசிஸில் 15 அங்குலச் சக்கரங்களும் பின்னச்சுக்கு 2000 கிலோ வரம்பும் இருக்கும். கன சேசிஸில் 16 அங்குலச் சக்கரங்களும் 2400 கிலோ வரம்பும். கன சேசிஸ் தன் எடையாகச் சில பத்து கிலோவைத் தின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் பின்னால் பெரிய சாமான் அறையுள்ள வண்டியில் மொத்த எடை சரியாக இருந்தும் பின்னச்சு வரம்பைத் தாண்டிவிடும் என்பதால் அந்த இழப்பை ஏற்கலாம். பிற்காலத்தில் உரிமம் கைகூடினால், பதிவுத்தாளில் எடையை உயர்த்திக்கொள்ளும் வழியும் அதில்தான் எளிது. இருவர் மட்டும் போகும் சிறு வண்டிக்கு இலகு சேசிஸே போதும்.

எந்தச் சேசிஸை எடுத்தாலும், விருப்பப் பொருள்கள் அனைத்தும் பொருத்திய பிறகு உங்கள் வண்டியின் எடை எவ்வளவு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். ஒப்படைக்கும் நாளில் பணத்தின் கடைசிப் பகுதியைக் கொடுப்பதற்கு முன், விற்பனையாளரையும் அழைத்துக்கொண்டு அருகிலுள்ள எடைமேடைக்குப் போய், முன்னச்சையும் பின்னச்சையும் தனித்தனியே நிறுத்துச் சீட்டு வாங்கிவிடுங்கள்.